மூன்றாவது பின்னல்

வாளித் தண்ணீர் இரண்டாவது தடவையும் ஆறிப்போயிருந்தது. வெந்நீரக்கா முழங்கையை விட்டுப் பார்த்தாள். அதைத் தரையில் இருந்த சாக்கடைத் துவாரத்தில் கொட்டிவிட்டு மறுபடி குழாயைத் திறந்தாள். பள்ளிவாசலுக்குக் கீழே, கார்கள் நிறுத்தும் இடத்தை ஒட்டிய அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் வெள்ளை ஓடு, மேலே ஒரு குழல்விளக்கு, மூலையில் கரகரவென்று சுற்றும் காற்றாடி, நடுவில் கால்பக்கம் சற்றுச் சரிவாக வைத்த ஸ்டீல் மேசை. மேசைமேல், கழுத்துவரை போர்த்திய விரிப்புக்குள் தையல்காரம்மா கிடந்தாள். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தது. மத்தியானம் ஆகியும் இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் அவள்மேல் விழவில்லை.

அக்காவுக்கு வயிற்றுப்பாட்டுக்கு இருந்தது ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்து வேலை. விரிப்புகளை உருளைக்குள் கொடுத்து மடித்து எடுப்பாள். மற்றபடி அந்தப் பகுதியில் தொழுகிற வீடுகளில் எந்தப் பெண் இறந்தாலும் உடலை, அவர்கள் சொல்வதுபோல் மையத்தை, குளிப்பாட்டக் கூப்பிடுவது அவளைத்தான். கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர் இருந்தால்தான் ஊற்றுவாள். செத்தவர்களுக்கு எதற்கு வெந்நீர் என்று யாரோ ஒருத்தி கேட்கப்போய், "நீ செத்துப் பாத்தியா? குளிராதுன்னு உனக்கு யாரு வந்து சொன்னா?" என்று அக்கா திருப்பிக் கேட்டாள். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வெந்நீரக்கா வலிய வந்து நலம் விசாரித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும் என்று பெண்கள் கேலி பேசுவார்கள். அவர்களைவிட அதிகமாகச் சிரிப்பது அவளாகத்தான் இருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவளிடம் சிரிப்பு செல்லாது. மையத்தைக் காக்க வைக்கக் கூடாது. மச்சான் வந்துகொண்டிருக்கிறார், மாமனார் ரயில் ஏறிவிட்டார் என்று யாராவது இழுத்தால், "அவர் வந்து என்ன, எழுப்பிவிடவா போறாரு?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு வேலையை ஆரம்பித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் இன்றைக்குக் காலையிலிருந்து வாளியை நிரப்புவதும் கொட்டுவதுமாக இருந்தாள். உதவிக்கு வந்திருந்த முட்டைக்காரிக்கு இது புரியாமல் இல்லை. தெருக்கோடியில் முட்டைக்கடை வைத்திருப்பவள், வாய் ஓயாதவள். இன்று அவளும் சுவரோரம் ஸ்டூல் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காத்திருந்தது தையல்காரம்மாவின் மகளுக்காக. அவள் வேறெங்கோ இல்லை. இதே ஊரில், விமான நிலையத்துக்குள், ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். டாக்ஸி பிடித்தால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடலாம்.

தையல்காரம்மா இந்த ஊருக்கு வந்தபோது அவளுக்குச் சொந்தமாக ஒரு கைப்பையும் ஓயாத இருமலும்தான் இருந்தன. சண்டையில் வீடும் புருஷனும் போனபிறகு, பால்பல் விழுந்துகொண்டிருந்த பெண்ணைத் தம்பியோடு அகதி முகாமில் விட்டுவிட்டு வந்தவள். அப்போது ஒருத்திக்குத்தான் இடம் கிடைத்தது. முதலில் நீ போ, போய் அவளைக் கூப்பிட்டுக்கொள் என்று எல்லாரும் சொன்னார்கள். வந்து, தெருமுனையில் ஒரு கடையின் பாதியை வாடகைக்கு எடுத்து, நீளமான கால்சட்டைகளை வெட்டித் தைத்தும், போன ஜிப்புகளை மாற்றியும், இளைத்தவர்களுக்குப் பிடித்தும் பெருத்தவர்களுக்கு விட்டும் காலத்தை ஓட்டினாள். கூப்பிடுகிற காரியம் மட்டும் இழுத்துக்கொண்டே போனது. மகள் போனிலேயே பெரியவளானாள். பரீட்சையில் தேறியது, வயதுக்கு வந்தது, மாமாவிடம் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தது எல்லாமே மிஷினின் ஓரத்தில் சாய்த்து வைத்த போனில்தான். பக்கத்து அறைக்காரியான அக்கா குறுக்கே புகுந்து, "என்னடி, உங்கம்மா ஊசிய விட்டுட்டு உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கா, கைய தச்சுக்கப் போறா" என்பாள். அந்தப் பெண் அவளைப் பெரியம்மா என்று கூப்பிடும்.

கடைசியில் விசா வந்தது. அம்மாவின் நுரையீரலும் அந்தச் சமயத்தில்தான் கையை விரித்தது. மகள் விமானம் ஏறிவிட்டாள் என்று தெரிந்த அன்று தையல்காரம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, எனக்குத் தலைவாரி விடு என்று அக்காவிடம் கேட்டாள். மகள் வானத்தில் இருக்கும்போது உத்தரவு வந்தது. இன்ன இன்ன நாடுகளிலிருந்து இனி யாரும் உள்ளே வரக் கூடாது, அகதிகள் அறவே கூடாது, பாதுகாப்புக் காரணம். உத்தரவில் எந்த மதத்தின் பெயரும் இல்லை. அந்த நாடுகளில் யார் தொழுகிறார்கள் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். இறங்கிய மகளை இரண்டு பேர் தனியாக அழைத்துப்போய் உட்கார வைத்தார்கள்.

இன்று விடிந்ததும் தையல்காரம்மா கண்ணைத் திறந்து, "வந்துட்டாளா?" என்று கேட்டாள்.

"வந்துட்டா. ஊருக்குள்ள வந்துட்டா."

அது பொய் இல்லை. தையல்காரம்மா தலையை அசைத்தாள். காலை டிபன் வண்டி வார்டுக்குள் வருவதற்கு முன்னால் போய்விட்டாள்.

அக்கா உடனே, ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே வக்கீல் பெண்ணுக்குப் போன் போட்டாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண், தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசுவாள். உத்தரவு வந்த அன்றிலிருந்து அவளும் இன்னும் சில வக்கீல்களும் விமான நிலையத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, காசு வாங்காமல், உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்காக மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். "தாய் மௌத்தாயிட்டான்னு சொல்லும்மா அவங்ககிட்ட. மூஞ்சிய ஒரு தடவ பாக்க விடச் சொல்லு. அவங்களுக்கும் தாய் இருப்பா இல்ல?" என்றாள் அக்கா. அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகையே வந்தது. அவர்களிடம் அதுதான் வழக்கம். மரணம் என்றால் கண்ணைத் துடைப்பதற்கு முன்னால் நாலு பேருக்குச் சொல்லியாக வேண்டும். பூட்டி வைக்க அது என்ன களவா?

செயலாளர் கதவைத் தட்டினார். பெண் மையத்து இருக்கும் அறை என்பதால் உள்ளே வராமல், திறந்த இடுக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பள்ளிவாசலின் கணக்கு வழக்குகளைப் பார்ப்பவர், நல்ல மனுஷர், எதற்கும் பயம்.

"அக்கா, சாயங்காலம் அஸர் தொழுததும் ஜனாஸா தொழுகைன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன். இன்னும் தண்ணியே ஊத்தலயாமே?"

"பெத்த பொண்ணு இதே ஊர்ல இருக்கா. அவ உரிமைண்ணே இது. அவ கை இருக்கும்போது நான் எப்படி ஊத்துறது?"

"அவங்க எப்ப விடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? மையத்துக்கு அடக்கம்தான் மரியாதைன்னு நீங்கதான் எல்லாரையும் விரட்டுவீங்க."

"விரட்டினேன்தான். இன்னிக்கு என்னை யாராவது விரட்டுங்க, பாக்கலாம்."

அவர் கதவுக்கு இன்னும் நெருங்கி நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேல வாசல்ல கேமரா வச்சுக்கிட்டு ரெண்டு பேரு நிக்கிறாங்க. விமான நிலையத்துல நம்ம பசங்க வேற போய் கோஷம் போடுறாங்க. இந்த நேரத்துல நம்ம பேரு வெளிய அடிபட வேணாம்னு பாக்குறேன்" என்றார்.

"நம்ம பேரு அடிபட்டு ஊரெல்லாம் நாறித்தான் கிடக்கு. இனிமே என்னண்ணே புதுசா அடிபட இருக்கு? நாம வாய மூடிக்கிட்டிருந்தப்போதான் இந்த உத்தரவு வந்துச்சு. அவ என்ன குண்டா கொண்டு வந்தா? அம்மாவுக்கு ரெண்டு கம்பளி உள்பாடி பின்னிக் கொண்டுவந்திருக்கா, அதையும் பிரிச்சுப் பாத்தாங்களாம்."

செயலாளர் வண்டிக்காரரிடம் சொல்லி இடுகாட்டுக் கேட் மூடுகிறவரைக்கும் காத்திருக்கச் சொல்வதாக முனகிவிட்டு மேலே போனார். அவரும் மகள்களைக் கட்டிக்கொடுத்தவர்தான்.

முட்டைக்காரி போனை நீட்டினாள். அவள் புருஷன் விமான நிலையத்திலிருந்து நேரலையில் காட்டிக்கொண்டிருந்த படம். பயணிகள் வெளியே வரும் கதவுக்கு முன்னால் ஒரே கூட்டம். இத்தனை பேர் வருவார்கள் என்று அக்கா நினைக்கவே இல்லை. அட்டைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே விடு, உள்ளே விடு என்று கத்துகிறார்கள். தலைமறைத்த பெண்கள், கழுத்தில் சிலுவை தொங்கவிட்ட கிழவிகள், பிள்ளையைத் தோளில் ஏற்றிய தகப்பன்கள். "இங்க பாருங்கக்கா, அந்த பஸ் டிரைவர். அம்மாகிட்ட ஜிப்பு மாத்த வருவாரே, தொந்தி பெருத்துப் பெருத்து மாசம் ஒரு ஜிப்பு. யூனிபார்மோடயே வந்து நிக்கிறாரு" என்றாள் முட்டைக்காரி. அக்கா போனை வாங்கி முகத்தருகே வைத்துப் பார்த்தாள். அந்த ஆளுக்குத் தையல்காரம்மாவின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார், கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அக்கா போனைத் திருப்பிக் கொடுக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் கூட்டம் ஆரவாரிக்கும் சத்தம் போனிலிருந்து வந்தது. நீதிபதி அந்த உத்தரவுக்குத் தடை போட்டுவிட்டார். செல்லுபடியாகும் விசாவோடு வந்த யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. முட்டைக்காரி ஸ்டூலிலிருந்து குதித்து எழுந்தாள். அக்கா ஓடிப்போய் மறுபடி வாளியை நிரப்பினாள். புதிதாக ஒரு ஜோடி கையுறையை எடுத்து மேசையோரம் வைத்தாள். பெண்ணுக்கு விரல் நீளம், தாயைப்போலத்தான் இருக்கும் என்று பெரிய அளவாகப் பார்த்து எடுத்தாள். முதல்முறை செய்கிறவளுக்குக் கை நடுங்கும், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். வலப்பக்கம் முதலில், அப்புறம் இடப்பக்கம், விரிப்பு எந்த நேரத்திலும் விலகக் கூடாது. "உன் மக வர்றாடி. கொஞ்சம் பொறுத்துக்க" என்று மேசையைப் பார்த்துச் சொன்னாள். படத்தில் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒரு கிழவரை அவருடைய பேத்திகள் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அடுத்து ஒரு கர்ப்பிணி, அடுத்து அண்ணன் தம்பி இரண்டு பேர். அக்காவும் முட்டைக்காரியும் தலையை முட்டிக்கொண்டு அந்தச் சின்னப் போன் திரையில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வக்கீல் பெண் கூப்பிட்டபோது அவள் குரல் சரியாக இல்லை.

"அக்கா, எல்லாரையும் விட்டுட்டாங்க. அவளை மட்டும் விட மாட்டேன்னு சொல்றாங்க."

"ஏன், நீதிபதி சொல்லிட்டாங்க இல்ல?"

"விசா செல்லுபடியாகணும். அவளோட விசா, அம்மா இங்க இருக்காங்க, அம்மா கூப்பிட்டாங்க அப்படின்னு கொடுத்தது. கூப்பிட்டவங்க இப்ப உயிரோட இல்ல. அதனால விசாவும் இல்ல அப்படின்னு சொல்றாங்க."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. "அவங்களுக்கு யாரு சொன்னா?"

"நான்தான் அக்கா. காலையில நீங்க சொன்னதும் மனு எழுதி நானே உள்ள கொடுத்தேன். அம்மா இறந்துட்டாங்க, முகம் பார்க்க விடுங்கன்னு. இரக்கப்படுவாங்கன்னு நினைச்சேன்."

அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டீல் சில்லென்று இருந்தது.

"நான் சொல்லாம இருந்திருந்தா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "எப்படியும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் அக்கா. உங்க தப்பு இல்ல."

எத்தனை வீடுகளில், எத்தனை மகள்களிடம் அவளே இப்படிச் சொல்லியிருக்கிறாள். நீ ராத்திரி கூட இருந்திருந்தாலும் போகிற உயிர் போயிருக்கும், உன் தப்பு இல்லை என்று. அதனால் இது என்ன வகைச் சொல் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் தூங்குகிறாள் என்று சொல்லியிருந்தால், மகள் இந்நேரம் அந்தக் கதவு வழியாக வெளியே வந்திருப்பாள். பஸ் டிரைவர்கூடக் கை தட்டியிருப்பார். செத்ததை மறைத்தால்தான் பிள்ளை தாய் முகத்தைப் பார்க்க முடியும் என்று ஒரு சட்டம் இருக்கும் என்று எந்தத் தாய் வயிற்றில் பிறந்தவளுக்குத் தோன்றும்? பாவிகளா, தாய் செத்தால் பிள்ளையைக் கூப்பிட்டு விடுவார்கள், இங்கே துரத்திவிடுகிறார்களே என்று அவள் சத்தமாகவே சொன்னாள். முட்டைக்காரி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சாயங்கால விமானத்தில் ஏற்றுகிறார்களாம், மேல் கோர்ட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம், நேரம் போதுமா தெரியவில்லை என்று வக்கீல் பெண் சொல்லிவிட்டு வைத்தாள்.

இதற்கு மேலும் வைத்திருக்க முடியாது. அக்கா புதுக் கையுறையைத் தானே மாட்டிக்கொண்டாள். விரல்நுனிகள் தொளதொளவென்று தொங்கின. தொழுகைக்கு முன்னால் செய்வதுபோல் முகம், கை, கால் கழுவி ஒளு செய்துவைத்தாள். விரிப்புக்கு அடியில் கையை விட்டு வலப்பக்கம் கழுவினாள், இடப்பக்கம் கழுவினாள். கடைசித் தண்ணீரில் கற்பூரத்தைக் கரைத்தாள். நாக்கு தன்பாட்டுக்கு ஓதிக்கொண்டிருந்தது, மனசு விமான நிலையத்துக் கதவில் இருந்தது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போயிருந்த இடதுகைப் பெருவிரலை மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தாள். முட்டைக்காரி குவளை குவளையாக ஊற்றினாள். முட்டைகளை அடுக்கிப் பழகிய கை, பதமாகத்தான் ஊற்றியது. துடைத்து, காதிலும் மூக்கிலும் பஞ்சு வைத்து, அடக்கத்துக்கான வெள்ளைத் துணிக்கு மாற்றினார்கள்.

பெண் மையத்துக்குத் தலைமுடியை மூன்றாகப் பிரித்துப் பின்னி முதுகுப்பக்கம் விட வேண்டும். தையல்காரம்மாவுக்கு நோயிலும் முடி கொட்டவில்லை, நல்ல அடர்த்தி. அக்கா அகலச் சீப்பால் சிக்கெடுத்து, ஒரு பின்னல் பின்னினாள். இரண்டாவதையும் பின்னினாள். மூன்றாவதைக் கையில் எடுத்தவள் பின்னாமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மேல் கோர்ட்டில் யாராவது ஒரு மனுஷன் இருந்துவிட்டால்? இதையாவது பெற்ற மகள் பின்னட்டுமே என்று இருந்தது.

போன் அடித்தது. தெரியாத எண். முதலில் ஏதோ அந்த ஊர் மொழியில் ஓர் ஆணின் குரல் என்னவோ சொன்னது. பிறகு அந்தப் பெண்.

"பெரியம்மா, நான்தான். ஆபீஸ் போன். என்னோடத வாங்கி வச்சுக்கிட்டாங்க. கொஞ்ச நேரம்தான் குடுத்திருக்காங்க."

"சொல்லு கண்ணு."

"அம்மா பக்கத்துலயா இருக்கீங்க?"

"பக்கத்துலதான். தல பின்னிக்கிட்டிருக்கேன்."

"கஷ்டப்பட்டாங்களா?"

"இல்லடா. நீ வந்துட்டியான்னு கேட்டா. வந்துட்டான்னு சொன்னேன். தலைய ஆட்டினா."

"வந்துட்டேன்தானே பெரியம்மா" என்றது குரல்.

"வந்துட்டம்மா. நீ வந்துட்ட." அக்கா கையிலிருந்த முடியைப் பார்த்தாள். "மூணு பின்னல் போடணும். ரெண்டு போட்டாச்சு. ஒண்ண உனக்காக வச்சிருக்கேன்."

"என்னைக் கூட்டிட்டுப் போக வந்துட்டாங்க பெரியம்மா. வாசல்ல நிக்கிறாங்க. நீங்களே போட்டுடுங்க." மூச்சு வாங்கியது. "இறுக்கிப் போடாதீங்க. அம்மாவுக்கு இறுக்கினா தலைவலி வரும்."

"சரிம்மா."

"அம்மா காதுல வைங்க. நான் பேசணும்."

காதில் பஞ்சு இருந்தது. வைத்த பஞ்சை இதுவரை அவள் எந்த மையத்திலிருந்தும் எடுத்ததில்லை. எடுக்கலாமா என்று யாரிடமும் கேட்கவும் இல்லை. சுண்டுவிரல் நகத்தால் மெல்ல நிமிண்டி வெளியே எடுத்து, போனைத் தையல்காரம்மாவின் காதோடு சேர்த்துப் பிடித்தாள். என்ன பேசுகிறாள் என்று தனக்குக் கேட்டுவிடக் கூடாது என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். முட்டைக்காரி எழுந்துபோய்க் காற்றாடியை நிறுத்தினாள், சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கினாள். போனுக்கும் காதுக்கும் நடுவிலிருந்து, சொல் எது என்று பிடிபடாமல், மெல்லிசாக ஒரு குரல் கசிந்துகொண்டிருந்தது. ஓர் இடத்தில் அது சிரித்ததுபோலவும் இருந்தது.

கதவு தட்டப்பட்டது. "அக்கா, கேட்டை மூடிடுவாங்க. வண்டி ரெடியா நிக்குது. தூக்கிடலாமா?" என்றார் செயலாளர்.

"இருங்கண்ணே" என்றாள் அக்கா. "பேசிக்கிட்டிருக்காங்க."

வெளியே செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அவர் அங்கேயே நின்றார். குரல் எப்போது நின்றது என்று அக்காவுக்குத் தெரியவில்லை, நின்றுவிட்டதா என்றும் தெரியவில்லை. போனைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் பார்க்கவில்லை. கை கடுத்தபோது முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள். பின்னாமல் கிடந்த முடி தையல்காரம்மாவின் காதோரம் சரிந்திருந்தது. போனுக்குக் குறுக்கே வராமல் அதை இன்னொரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.